சமமென்றால் விட்டுக்கொடு

என் கலியாணம் விரல் நீளமான ஒரு டிஸ்க்கின் கையில் இருந்தது என்று சொன்னால் பேசாலையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கலியாணம் கடவுளின்ர கையில. நீ விசர்க்கதை கதைக்காத" என்றார். கடவுளின் கைக்கும் எனக்கும் நடுவில் அந்த டிஸ்க்கும், ஐரோப்பாவின் வடக்கு மூலையில் இருந்த ஒரு மனுசரும் நின்றது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் தனியாக இருந்து சிரிக்கிறேன். ஒருமுறை மன்னார் பஸ்ஸில் சிரிக்கப்போய், பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்துவிட்டார்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியில் நீங்கள் ஒரு படத்தைத் திறந்தாலும் சரி, ஒரு பாட்டைச் சேமித்தாலும் சரி, "இதை எடுத்துத் தா", "இதை எழுதி வை" என்று உள்ளே ஒரு வேண்டுகோள் கிளம்பும். கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கில் கிளம்பும். அவற்றை வரிசையில் நிறுத்தி, டிஸ்க்கால் தாங்கக்கூடிய அளவுக்கு அனுப்பிவைக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இயங்குதளத்தின் அடிவயிற்றில் இருக்கும் சாமான் அது. ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்காக, பேசாலையில் எங்கள் வீட்டு அறைக்குள் இருந்துகொண்டு, அதைப் பார்த்துக்கொள்பவள் நான். ஊரில் கேட்பவர்களிடம் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். உடனே தங்கள் போனை நீட்டி, "சார்ஜ் ஏறுதில்லை, ஒருக்காப் பார் பிள்ளை" என்பார்கள். பார்ப்பேன். அனேகமாக ஓட்டைக்குள் கடற்கரை மண் இருக்கும்.

பழைய டிரைவரில் ஒரேயொரு வரிசைதான் இருந்தது. அதற்கு ஒரேயொரு பூட்டு. கணினிக்குள் நாலு மூளைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும், கோர் என்போம். நாலில் எது டிஸ்க்கிடம் எதைக் கேட்டாலும் அந்தப் பூட்டைப் பிடித்துத்தான் வரிசைக்குள் தன் வேண்டுகோளைச் செருக வேண்டும். ஒன்று பிடித்திருக்கும்போது மற்ற மூன்றும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். டிஸ்க்குகள் மெதுவாக ஓடிய காலத்தில் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்போதைய டிஸ்க்குகள் பறக்கின்றன. டிஸ்க் வெறுங்கையோடு காத்திருக்க, வேண்டுகோள்கள் பூட்டடியில் இடிபட்டுக்கொண்டிருந்தன.

நான் அதை உடைத்துத் திருப்பி எழுதினேன். ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை. ஒருவருக்கு மற்றவர் தயவு தேவையில்லை. ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. டிஸ்க் ஒரே நேரத்தில் இத்தனை வேண்டுகோள்தான் கையில் வைத்திருக்கலாம் என்று ஓர் அளவு உண்டு. எல்லா இடமும் நிரம்பி, கடைசி ஓர் இடம் காலியாக இருக்கும்போது அது எந்த வரிசைக்கு? அதற்கு ஒரு விதி எழுதினேன். இடத்தை எடுக்க முன் மற்ற வரிசைகளை எட்டிப்பார். அங்கே ஒரு வேண்டுகோள் காத்திருக்கும் நேரம் உன்னுடையதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் நீ போ. இல்லாவிட்டால் ஒதுங்கி வழிவிடு. எழுதி முடித்து ஓட்டிப் பார்த்தேன். என்ன வேகம்! எவ்வளவு மரியாதை தெரிந்த டிரைவர்! எழும்பி அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இந்த இயங்குதளம் ஒருவருக்கும் சொந்தமில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது. ஆனால் டிஸ்க் சம்பந்தமான எதுவும் ஒரு மனுசரின் கையைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். அவரைத்தான் வடக்கு மூலை மனுசர் என்றேன். நான் அவரைக் கண்டதில்லை. குரல் கேட்டதில்லை. மின்னஞ்சல் மட்டும்தான். நான் இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்புவேன். அவர் அதில் ஒரு வரியைத் தூக்கி வைத்து, கீழே "ஏன்?" என்று கேட்பார். அவ்வளவுதான் கடிதம். வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. மனதுக்குள் அவருக்கு ஏன்காரர் என்று பெயர் வைத்தேன். அவரோடு சண்டை பிடிப்பதாகக் கற்பனை செய்துகொண்டு குளிப்பேன்.

இனி கலியாணத்துக்கு வருகிறேன். என் ஆள் தலைமன்னார். சொந்த வள்ளமும் எஞ்சினும் வைத்துக் கடலுக்குப் போகிறவர். மாதா கோயில் பாடகர் குழுவில் சுதி சேராமல் பாடி, திரும்பிப் பார்த்த என்னிடம் அகப்பட்டவர். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். திகதி குறித்து, கோயிலில் கலியாண அறிவித்தல் வாசிக்கக் கொடுப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நிறுவனத்தில் இருந்து தகவல் வந்தது. புது டிரைவர் இயங்குதளத்தின் அடுத்த வெளியீட்டுக்குள் ஏற்கப்பட்டால் வேலை என்னிடமே இருக்கும், நான் வீட்டில் இருந்தே செய்யலாம். ஏற்கப்படாவிட்டால் இந்த வேலை முழுக்க நிறுவனத்தின் கொழும்புக் கந்தோருக்கு மாறும். வேண்டுமென்றால் நான் அங்கே போய் இருந்து செய்யலாம்.

கொழும்பில் நான் இருந்தால் தலைமன்னார்க் கடலில் அவர். என்ன கலியாணம் இது? நான் இரண்டு இரவு யோசித்து, ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு முடிவெடுத்தேன். டிரைவர் உள்ளே போகாவிட்டால் வேலையை விட்டுவிடுவது. முடிவெடுத்த பிறகும், விடியும்வரை அதே நிரலைத் திருத்திக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும். என் ஆளிடம் நிறுவனம் சொன்னதைச் சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "பாப்பம்" என்றார். அவ்வளவுதான். பாப்பமாம்! ஒரு பக்கம் ஏன்காரர், மறுபக்கம் பாப்பம்காரர். இரண்டு பேரையும் ஒரே சாக்கில் கட்டிக் கடலில் போட்டால் என்ன என்று இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் டிரைவர் தன் குணத்தைக் காட்டியது. சோதனைக்காக நிறுவனம் அனுப்பிய ஒரு சின்னக் கணினி என் தையல் மெசினுக்கு மேல் இருந்தது. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். என் மடிக்கணினியில் நாள் முழுக்க ஓடினாலும் பிசகாத டிரைவர், அந்தச் சோப்புப் பெட்டியில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்தி கிடையாது. விழுந்து நொறுங்கவும் இல்லை. மன்னார் பட்டினத்துக் கழுதை ரோட்டு நடுவில் நிற்பதுபோல், கோபமும் இல்லாமல் காரணமும் இல்லாமல் நிற்கும். தொட்டுப் பார்த்தால் சோப்புப் பெட்டி கொதிக்கும். அதாவது உள்ளே யாரோ மாய்ந்து மாய்ந்து வேலை செய்கிறார்கள். ஆனால் டிஸ்க்குக்கு ஒரு வேண்டுகோளும் போகவில்லை. ஏன்காரர் எழுதினார்: "இது நிற்பதற்குக் காரணம் தெரியாமல் எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நண்பகலோடு வாசலை மூடுகிறேன்." அவருடைய மூடும் நேரத்தை எங்கள் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். பின்னேரம் நாலரை.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் மாமி, அதாவது என் ஆளின் தாய், மகனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. மாமா காலமாகி வெகுகாலம். அந்த வீட்டுக்கு மாமிதான் எல்லாம். சாப்பிட்டுவிட்டுத் திகதியும், நாங்கள் எங்கே குடியிருப்பது என்பதும் பேசுவதாக ஏற்பாடு. எங்கே குடியிருப்பது! அதைத்தானே சோப்புப் பெட்டி முடிவு செய்ய வேண்டும்.

பூசை முடிந்து வந்ததும் நான் அறைக்குள் புகுந்துவிட்டேன். அம்மா குசினி அடுப்படியில் இருந்து கத்திக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை வீட்டார் வருகினம், உவள் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள்!" அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் கதிரைகளைத் துடைத்தார். அப்பாவுக்குப் பசி வந்தால் கதை நின்றுவிடும். நான் கோயில் சீலையோடு இருந்து, எந்த வரிசை எப்போது என்ன செய்கிறது என்று டிரைவரையே எழுத வைத்தேன். அது எழுதியது. ஒன்றாவது வரிசை ஒதுங்குகிறது. மூன்றாவது வரிசை ஒதுங்குகிறது. ஒன்று ஒதுங்குகிறது. மூன்று ஒதுங்குகிறது. திரை நிறைய அதுதான். இருவரும் ஏன் ஒதுங்க வேண்டும்? ஒருவர் மற்றவருக்கு வழிவிட்டால் மற்றவர் போக வேண்டியதுதானே? முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஓட்டோ வந்து நின்றது.

மாமி நல்ல நீலச் சீலையில் இறங்கினார். என் ஆள் தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில், பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அம்மா மேசையில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டார். நண்டுக் கறி, கணவாய்ப் பொரியல், விளைமீன் குழம்பு, சொதி, முருங்கைக்கீரை வறை, அப்பளம். ஆவி பறந்தது. எல்லோரும் கதிரைக்குப் பின்னால் எழும்பி நின்றோம். சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் செபத்தைத் தொடங்கச் சொல்லி ஒருவரைக் கேட்பது அவருக்குக் கொடுக்கும் மரியாதை. கேட்ட உடனே தொடங்கிவிடுவது அவ்வளவு அழகில்லை. "இல்லை, நீங்கள் சொல்லுங்கோ" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். பங்குச் சுவாமியார் யாரும் நின்றால் பிரச்சினை இல்லை, அவருடைய வேலை அது. வயதில் மூத்தவர் ஒருவர் நின்றாலும் இரண்டு தரம் மறுத்துவிட்டு மூன்றாம் தரம் தொடங்கிவிடுவார். ஆனால் அன்றைக்கு நின்றவர்கள் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும். அம்மாவுக்கும் மாமிக்கும் வயதும் கிட்டத்தட்ட ஒன்று.

"மச்சாள், நீங்கள் தொடங்குங்கோ" என்றார் அம்மா.

"ஐயோ, உங்கட வீடு. நீங்கள் சொல்லுறதுதான் முறை" என்றார் மாமி.

"வந்தவை சொன்னாத்தானே எங்களுக்கு ஆசீர்வாதம்."

"வீட்டுக்காரர் இருக்க நான் வாயைத் திறக்கிறதோ? அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

அப்பா திடுக்கிட்டு, நண்டில் இருந்து கண்ணை எடுத்து, "இல்லையில்லை, நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

"அப்ப மச்சாள் சொல்லட்டும்."

"நீங்கள் இருக்கேக்க நான் எப்பிடி, மச்சாள்?"

நண்டின் ஆவி மெலிந்துகொண்டு வந்தது. இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு, தலையைச் சரித்து, கையை மற்றவர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார்கள். எவ்வளவு வேலை நடக்கிறது! எவ்வளவு அன்பு! ஒரு பருக்கை சோறு ஒருவர் வாய்க்கும் போகவில்லை. ஒருவர் பெரியவர் என்றால் இது எப்போதோ முடிந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் சமம். சமமாக இருந்தால் நாங்கள் என்ன செய்வோம்? விட்டுக்கொடுப்போம். அப்படித்தானே வளர்ந்தேன். அப்படித்தானே...

"சமம்!" என்று கத்தினேன்.

மாமி நெஞ்சில் கை வைத்தார். நான் கதிரையைத் தட்டிவிட்டு அறைக்குள் ஓடினேன். அங்கே திரையில் என் விதி கிடந்தது. மற்றது குறைவாகக் காத்திருந்தால் மட்டும் நீ போ, இல்லாவிட்டால் ஒதுங்கு. இரண்டும் ஒரே அளவு காத்திருந்தால்? அதுவும் அந்த "இல்லாவிட்டால்" என்பதற்குள்தான் விழுகிறது! ஒன்று மூன்றைப் பார்த்து "நீங்கள் போங்கோ" என்கிறது. மூன்று ஒன்றைப் பார்த்து "இல்லை, நீங்கள்" என்கிறது. உலகம் முடியும்வரை. என் மடிக்கணினியின் மணிக்கூடு மிக நுணுக்கமாக நேரம் அளக்கும். அதில் இரண்டு வேண்டுகோள்கள் சமமாக வருவது அரிது. சோப்புப் பெட்டியின் மணிக்கூடு பெரிய பெரிய துண்டாக அளக்கும். அதன் கணக்கில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் வந்தவர்கள். வேறு ஊரில் பிறந்தவர்கள் இப்படி ஒரு டிரைவரை எழுதியிருக்க மாட்டார்கள். சமமென்றால் முந்து என்று எழுதியிருப்பார்கள். நான் என் அம்மாவை அப்படியே உள்ளே எழுதி வைத்திருக்கிறேன்!

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் ஆள் வாசலில் வந்து நின்றார். "என்னப்பா நடந்தது? அம்மா பயந்துபோய் நிக்கிறா."

"கண்டுபிடிச்சிட்டன்! உங்கட அம்மாவும் எங்கட அம்மாவும்தான்!"

"அவை என்ன செய்தவை?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பிழை!"

அவர் என்னைப் பார்த்தார். என்னைக் கட்டுவதா விடுவதா என்று யோசித்திருக்கலாம். எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. ஒரு சின்னத் திருத்தம்தான் தேவைப்பட்டது. காத்திருந்த நேரம் சமமென்றால் எண்ணில் சிறிய வரிசை முதலில் போகட்டும். ஒன்று போகும், மூன்று நிற்கும், அடுத்தது மூன்று. சண்டையும் இல்லை, உபசாரமும் இல்லை. எழுதி, சோப்புப் பெட்டியில் ஏற்றி, சோதனையை ஓடவிட்டுவிட்டு மேசைக்கு வந்தேன்.

அங்கே இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். சத்தியமாக. அம்மா "மச்சாள்" என்றார், மாமி "நீங்கள்தான்" என்றார். அப்பாவின் முகம் வெளிறியிருந்தது. அந்தக் கூட்டத்தில் வயதில் ஆகச் சிறியவள் நான். கண்ணை மூடி, பெரிய சத்தமாக, "பிதா, சுதன், தூய ஆவியின் பெயராலே" என்று தொடங்கினேன். வேறு வழியில்லாமல் எல்லோரும் நெற்றியில் கை வைத்தார்கள். ஆமென் சொன்ன வேகத்தில் அப்பா நண்டின் காலை முறித்தார். மாமி இருந்துகொண்டு, "இந்தப் பிள்ளைக்குப் பசி தாங்காது போல" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா மேசைக்குக் கீழே என் தொடையில் கிள்ளினார்.

நான் இருந்த கதிரையில் இருந்து அறைக்குள் திரை தெரிந்தது. ஒரு வாய் சோறு, ஒரு பார்வை. முந்தி நின்ற இடத்தைத் தாண்டி ஓடியது. குழம்பு ஊற்றிக்கொண்டு பார்த்தேன், ஓடியது. மாமி கலியாணச் சீலை பற்றி என்னவோ கேட்டார். "ஓடுது" என்று பதில் சொன்னேன். கை கழுவிவிட்டுப் போய்ச் சோப்புப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான். சோதனை முழுதாக முடிந்திருந்தது. எல்லாம் சரி என்று காட்டியது. எனக்கு அதை எடுத்துக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது, கொஞ்சினேன்.

ஏன்காரருக்கு எழுதினேன். எது நின்றது, ஏன் நின்றது, எப்படித் திருத்தினேன் என்று இந்த முறை நாலே வரி. கூடவே, நிரலுக்குள் அந்த இடத்தில் அடுத்தவர் படிப்பதற்காக வைக்கும் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: "இரண்டு சம்பந்திகள் ஒருவரையொருவர் செபம் தொடங்கச் சொன்னால் யாருக்கும் சாப்பாடு கிடைக்காது." அனுப்பின பிறகுதான் பயம் பிடித்தது. இப்படியும் எழுதுவார்களா? மூன்று மணி தாண்டியிருந்தது. அந்த மனுசர் இனி "ஏன்?" என்று கேட்டால் என் கதை முடிந்தது.

முன்வீட்டில் தேத்தண்ணி வந்தது. மாமி கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, பிள்ளையள், எங்க இருக்கப்போறியள்?" என்று கேட்டார். நான் என் ஆளைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியைப் பார்த்தார். இப்போது "பாப்பம்" என்று சொன்னால் கோப்பையைத் தலையில் கவிழ்ப்பது என்று இருந்தேன். அவர் வாயைத் திறக்க முன் வெளியே ஒரு சின்ன லொறி வந்து ஹோர்ன் அடித்தது.

எருக்கலம்பிட்டி முஸ்லிம் அண்ணர் ஒருவர், நாங்கள் நானா என்போம், இறங்கி வந்தார். என் ஆளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "தம்பி, தலைமன்னார் வீட்ட போனனான், பூட்டிக் கிடக்குது. இஞ்ச நிக்கிறியள் எண்டு பக்கத்து வீட்டில சொல்லிச்சினம். எஞ்சினை ஏத்திக்கொண்டு போகலாம் எண்டு வந்தன்."

"எந்த எஞ்சின்?" என்றார் மாமி.

"தம்பியின்ர வள்ளத்து எஞ்சின்தான். எனக்கு விக்கிறதாச் சொன்னவர்."

என் ஆளுக்குக் காது நுனிவரை சிவந்தது. "நாளைக்கெல்லோ வரச் சொன்னனான், நானா" என்றார் மெதுவாக.

மாமி கோப்பையை வைத்துவிட்டார். "எஞ்சினை வித்துப்போட்டு நீ என்னத்தால கடலுக்குப் போறாய்? துடுப்பாலயோ?"

"போகேல்லை அம்மா. இவவோட கொழும்புக்குப் போறன்."

எனக்கு அழுகை வந்ததா, ஆத்திரம் வந்ததா என்று தெரியவில்லை. "உங்களை ஆர் விக்கச் சொன்னது? நான் வேலையை விடுறதெண்டெல்லோ முடிவெடுத்து வைச்சிருக்கிறன்!" என்று கத்திவிட்டேன்.

"நீர் ஏன் விடுறீர்? உமக்கு அந்த வேலை எவ்வளவு விருப்பம் எண்டு எனக்குத் தெரியாதே?"

"உங்களுக்குக் கடல் எவ்வளவு விருப்பம் எண்டு எனக்குத் தெரியாதே?"

மாமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வடிவாயிருக்கு! இவன் எஞ்சினை வித்துப்போட்டுக் கொழும்பில. இவள் வேலையை விட்டிட்டுப் பேசாலையில. ரெண்டு பேரும் எங்க சந்திக்கிறது? நடுவழியில, மதவாச்சி ஸ்டேசனிலயோ?"

அப்பாதான் முதலில் சிரித்தார். அன்றைக்கு அப்பா வாயில் இருந்து வந்த இரண்டாவது சத்தம் அது. பிறகு அம்மா, பிறகு ஒன்றும் விளங்காமல் நின்ற நானா. என் கையில் இருந்த போன் அதிர்ந்தது. ஏன்காரர்! திறந்தேன். இரண்டே வசனம். "எடுத்துக்கொண்டேன். சம்பந்திகள் வரியை நீக்க வேண்டாம்."

திரும்பத் திரும்பப் படித்தேன். ஏன் என்று எங்கேயும் இல்லை. "எடுத்திட்டார்! எடுத்திட்டார்!" என்று அம்மாவைப் பிடித்துச் சுற்றினேன், மாமியைப் பிடித்துச் சுற்றினேன், நானாவைப் பிடிக்கப் போய்க் கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டேன். "நான் ஒரு இடமும் போகேல்லை. வேலையும் இருக்கு. இஞ்சதான் இருக்கப்போறன்!" மாமிக்கு டிரைவரும் தெரியாது, வரிசையும் தெரியாது. அவர் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். "அப்ப எஞ்சின் விக்கேல்லை" என்றார் நானாவிடம். "குறை நினையாதேங்கோ. வந்தனீங்கள், இருந்து சாப்பிடுங்கோ."

நானா லொறியையும் பார்த்தார், உள்ளே மேசையையும் பார்த்தார். "விளைமீனோ?" என்று கேட்டார். கை கழுவினார், இருந்தார், பிஸ்மில்லா என்றார், சாப்பிடத் தொடங்கினார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டு நின்ற பார்வையில் ஒரு பொறாமை இருந்தது.

திகதி குறித்தாகிவிட்டது. கடற்காற்று எழும்பி, தூரத்தில் காற்றாலைகள் சுற்றத் தொடங்கிய நேரம் மாமி அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். அது முடிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். நான் என் ஆளோடு வெளிவாசல் படலையடிக்கு வந்தேன்.

"பாப்பம், பாப்பம் எண்டு சொல்லிக்கொண்டு எல்லாம் செய்திருக்கிறியள்" என்றேன். "கொழும்பில என்ன செய்யிறதா இருந்தனீங்கள்? அங்க உங்களுக்கு எங்க கடல்?"

அவர் காலால் மண்ணைக் கிளறினார். "வேலை பாத்து வைச்சனான்."

"என்ன வேலை?"

"உம்மட கந்தோர் இருக்கிற கட்டடத்தில. கீழ, கேற்றடியில. செக்கியூரிட்டி."

கூரைக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் தலையிடி என்று பூசைக்கும் வாசலடியில் நிற்கிற மனுசர். நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"காலமை வரேக்க ஒருக்கா, பின்னேரம் போகேக்க ஒருக்கா உம்மைக் காணலாம் எண்டு நினைச்சன்" என்றார். "யூனிபோர்ம் சட்டைக்கு அளவும் குடுத்திட்டன். இனி அவையளுக்குப் போன் பண்ணி, தைக்க வேண்டாம் எண்டு சொல்லவேணும்."